போட்டிக்கு 20 நிமிடம் முன்பு: நிரல் பகிர்வு விதியில் எழுந்த ஒரு புகாரின் ஆய்வு

48 மணி நேரத்தில் ஒரு கணினி விளையாட்டை எழுதி முடிக்கும் எங்கள் போட்டியில், வாக்களிப்பு தொடங்கி இரண்டு நாள் கழித்துப் புகார் வந்தது. அப்போது மதிப்பெண்ணில் முன்னணியில் இருந்த ஒரு குகை விளையாட்டை 48 மணி நேரத்தில் யாராலும் எழுதியிருக்க முடியாது என்பது அதன் சாரம். புகார் கொடுத்தவரும் அதே போட்டியில் கலந்துகொண்டவர்தான். கோபத்தில் எழுதியிருந்தாலும் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த கமிட் (நிரலில் செய்த மாற்றங்களைச் சேமித்த பதிவு) என்று பட்டியலே போட்டிருந்தார்.

விதிக்குழுவில் நாங்கள் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவராக இருந்து பார்த்ததை இங்கே பதிவு செய்கிறேன். போட்டியின் பெயரையும் சம்பந்தப்பட்ட இருவரின் பெயரையும் விட்டுவிடுகிறேன். இருவரும் எதையும் மறைக்காமல் பேசியவர்கள். பெயர் தெரிந்து யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்களுடையது தனிநபர் போட்டி. தலைப்பு தொடக்க நேரத்தில்தான் அறிவிக்கப்படும். நிரலைப் பற்றி விதித்தாளில் மூன்றே வரிகள் இருந்தன. விளையாட்டின் நிரலைப் போட்டி நேரத்துக்குள் எழுத வேண்டும். பொதுவில் கிடைக்கும் எஞ்சின்களையும் (விளையாட்டை உருவாக்க உதவும் ஆயத்த மென்பொருள்) நிரலகங்களையும் (எடுத்தாளத் தயாராக உள்ள நிரல் தொகுப்புகள்) பயன்படுத்தலாம். மூலநிரலைப் படைப்போடு சேர்த்துப் பகிர வேண்டும். முந்தைய ஆறு போட்டிகள் இந்த மூன்று வரிகளை நம்பியே சச்சரவின்றி நடந்து முடிந்திருந்தன. அதனால் விதி தெளிவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் அதுவரை யாரும் அதை உரசிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விதி வந்த வழி

மூன்று வரிகளும் எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2002இல் தொடங்கிய லூடம் டேர் போட்டியின் 'காம்போ' பிரிவைப் பார்த்து எழுதியவை. அந்தப் பிரிவில் ஒருவரே தனியாக, 48 மணி நேரத்தில், எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். மூலநிரலைத் தர வேண்டும். பின்னால் சேர்ந்த 'ஜாம்' பிரிவு 72 மணி நேரம், குழுவாகவும் சேரலாம், மூலநிரல் கட்டாயமில்லை. கட்டுப்பாடு வேண்டுபவர் ஒரு பக்கமும் வேண்டாதவர் மறுபக்கமும் போகட்டும் என்று பிரித்துவிட்டார்கள். நாங்கள் கண்டிப்பான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதைச் சுற்றி அங்கே பழகிப்போயிருந்த வழக்கங்களை எடுத்துக்கொள்ளத் தவறிவிட்டோம். லூடம் டேரில் பங்கேற்பவர்கள் போட்டிக்கு முன்பே 'நானும் வருகிறேன்' என்று எழுதி, என்ன கருவி, என்ன அடிப்படை நிரல் (முன்பே எழுதிவைத்து விளையாட்டுக்கு விளையாட்டு எடுத்தாளும் நிரல்) என்று அறிவித்துவிடுவது நெடுநாள் வழக்கம். விதியைப் போலவே அதுவும் வேலை செய்தது.

மூலநிரலைக் கேட்பது ஏமாற்றுபவரைப் பிடிக்கத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை. 2011 டிசம்பரில் நடந்த 22ஆவது லூடம் டேரில், மைன்கிராஃப்டை உருவாக்கிய மார்க்குஸ் பெர்சன் 'தனியாக' என்ற தலைப்புக்கு மினிகிராஃப்ட் என்ற சிறு விளையாட்டை ஜாவாவில் எழுதினார். எழுதுவதை நேரலையிலும் காட்டினார். விதிப்படி மூலநிரல் வெளியானது. பலர் அதைத் திறந்து படித்தார்கள், வேறு மொழிகளில் எழுதிப் பார்த்தார்கள், நீட்டித்தார்கள். இரண்டு நாள் வேலை வருடக்கணக்கில் பாடப்புத்தகமாக இருந்தது. எங்கள் மூன்றாவது வரிக்கு உண்மையான நியாயம் அங்கேதான் இருக்கிறது.

வேறு போட்டிகள் இதே சிக்கலை வேறு விதமாக அவிழ்த்திருக்கின்றன. பைத்தான் மொழிக்கான பைவீக் போட்டியில் ஒரு வாரத்துக்குள் புதிதாக எழுத வேண்டும். நிரலகம் வேண்டுமென்றால் அது முன்கூட்டியே எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டும். 2012 முதல் நடக்கும் ஜே.எஸ்.13கே போட்டி கேள்வியையே மாற்றிப் போட்டுவிட்டது. அங்கே சுருக்கிய கோப்பு 13 கிலோபைட்டுக்குள், அதாவது 13,312 பைட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய நிரலை எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுவரலாம். கொண்டுவந்த ஒவ்வொரு வரிக்கும் இடம் கொடுக்க வேண்டியது கொண்டுவந்தவர் பாடு. படிக்கக்கூடிய வடிவில் மூலநிரலையும் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் வைக்க வேண்டும். காவல்காரர் வேலையை எடைத்தராசு செய்துவிடுகிறது. எனக்கு அந்த விதியின் மேல் எப்போதுமே ஒரு பொறாமை உண்டு.

புகாரில் இருந்தவை

முதல் குற்றச்சாட்டு: அந்தப் படைப்பின் நாயகன் நகரும் நிரலும், அதே போட்டியின் இன்னொரு படைப்பில் உள்ள நிரலும் வரிக்கு வரி ஒன்று. இரண்டிலும் வேகம் 300, தாவும் வேகம் −400. யாரோ யாரிடமிருந்தோ எடுத்திருக்கிறார்கள்.

இதை முடிக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. இரண்டும் கோடோ எஞ்சினில் செய்தவை. கோடோ 4இல் இருபரிமாணப் பாத்திரத்துக்குப் புதிய ஸ்கிரிப்ட் திறந்தால், எஞ்சினே ஒரு வார்ப்புருவை நிரப்பித் தருகிறது. அதில் இருக்கும் எண்கள்தாம் அந்த 300உம் −400உம். திரையில் கீழ்நோக்கிப் போகப் போக மதிப்பு கூடும் என்பதால் தாவலுக்குக் கழித்தல் குறி. மாற்றாமல் விட்டவர்கள் எல்லோருடைய நாயகனும் ஒரே உயரம்தான் தாவுவான். 1994இல் உருவான மாஸ் என்ற நிரல் ஒப்பீட்டுக் கருவியில், எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த தொடக்க நிரலைக் கணக்கிலிருந்து நீக்கும் வசதி இருப்பது இதற்காகத்தான். ஒற்றுமை தெரிந்தவுடன் கைநீட்டும் முன், மூன்றாவது இடம் ஒன்றிலிருந்து இருவரும் எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. படைப்பின் களஞ்சியத்தில் (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்) முதல் கமிட்டிலேயே 61 கோப்புகள். போட்டி தொடங்கிச் சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்த கமிட் வந்திருக்கிறது. காட்சி மாற்றம், சேமிப்புப் பெட்டிகள், கைப்பிடிப் பொத்தான்களை மாற்றியமைக்கும் திரை, உரையாடல் பெட்டி எல்லாம் அதில் இருக்கின்றன.

கமிட் நேரத்தை நாங்கள் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருள் ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு நேரங்களை எழுதுகிறது: மாற்றத்தை எழுதியவரின் நேரம் ஒன்று, கமிட் உருவான நேரம் மற்றொன்று. இரண்டுமே அனுப்புபவரின் கணினி சொல்வதுதான். சூழல் மாறி என்ற கணினி அமைப்பை மாற்றினால் எந்தத் தேதியையும் போட்டுக்கொள்ளலாம். கெட்ட எண்ணம் இல்லாமலும் அது மாறும். கடைசி நேரத்தில் வரலாற்றைச் சுத்தப்படுத்தி ஒன்றாக மடித்தவருடைய களஞ்சியத்தில் இரண்டு நாள் உழைப்பும் ஒரே கமிட்டாகத் தெரியும். ஆகவே 61 கோப்பு என்பது கேள்வி கேட்கப் போதுமான காரணம், தீர்ப்புக்குப் போதாது.

கேட்டோம். அன்று மாலையே பதில் வந்தது. 'அது என் அடிப்படை நிரல். மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். போட்டி தொடங்குவதற்கு முன்பு பொதுக் களஞ்சியமாக மாற்றிவிட்டேன், இதோ இணைப்பு. உங்கள் இரண்டாவது விதிப்படிதான் செய்திருக்கிறேன்.'

ஒரு தனிக் களஞ்சியம் பொதுவாக மாறும்போது கிட்ஹப் அதை ஒரு நிகழ்வாகப் பதிவு செய்கிறது. கமிட் நேரத்தைப் போல அதைப் பயனர் திருத்த முடியாது. பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. போட்டி தொடங்குவதற்குச் சரியாக 20 நிமிடம் முன்பு அந்தக் களஞ்சியம் பொதுவாகியிருந்தது.

சிரிப்பதா தலையில் கைவைப்பதா என்று தெரியவில்லை. விதியின் எழுத்தை அவர் மீறவில்லை. 'பொதுவில் கிடைக்கும்' என்று எழுதிய நாங்கள், எப்போதிருந்து என்று எழுதவில்லை.

தெரிவதும் கிடைப்பதும்

இங்கேதான் குழு மூன்றாகப் பிரிந்தது. ஒருவர் சொன்னார்: முன்பே எழுதியது முன்பே எழுதியதுதான். முதல் விதி உடைந்துவிட்டது, நீக்குவோம். இன்னொருவர் சொன்னார்: அப்படியானால் எஞ்சினும் முன்பே எழுதியதுதானே? அந்நியர் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளைப் பயன்படுத்தலாம், தானே எழுதிய அறுபது கோப்பைப் பயன்படுத்தக் கூடாது என்றால் அதில் என்ன நியாயம்?

இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. சொந்த நிரலைத் தடுப்பதற்கு ஒரே காரணம், அது ஒருவரிடம் மட்டும் இருக்கிறது என்பது. யார் எழுதினார் என்பதால் எந்த வித்தியாசமும் வரவில்லை; யாரிடம் இருந்தது, எப்போதிலிருந்து இருந்தது என்பதால்தான் வருகிறது. மூன்று வருடம் கையில் இருந்த நிரலின் நெளிவு சுளிவு எல்லாம் அவருக்கு மனப்பாடம், அதைப் பகிர முடியாது. பகிர வேண்டியதும் இல்லை, அனுபவத்தை எந்தப் போட்டியும் தடைசெய்வதில்லை. ஆனால் நிரல் என்ற பொருளை மற்றவர்களும் கையில் எடுத்திருக்க முடியுமா? 20 நிமிடத்தில், யாருக்கும் சொல்லாமல் திறந்த ஒரு களஞ்சியத்தை யார் போய்ப் பார்த்திருப்பார்கள்?

நான் வேறொரு இடத்தில் தடுக்கினேன். அந்தக் களஞ்சியத்தில் உரிமக் கோப்பே இல்லை, அதாவது மற்றவர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று எங்கும் எழுதவில்லை. உரிமம் எழுதாத நிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத்தக்கது என்ற எண்ணம் கேம் எழுதுபவர்களிடம் பரவலாக இருக்கிறது. நிலைமை நேர்மாறானது. பதிப்புரிமை தானாகவே எழுதியவரிடம் நிற்கும். அவர் எழுத்தில் விட்டுக்கொடுக்காத எதையும் மற்றவர் பயன்படுத்த முடியாது. பொதுவில் வைத்தால் கிட்ஹப்பின் விதிகள்படி மற்றவர்கள் பார்க்கலாம், அந்தத் தளத்துக்குள் நகல் கிளை எடுக்கலாம். தங்கள் விளையாட்டில் சேர்த்து வெளியிட அது போதாது. ஆகவே அந்த 20 நிமிடத்தை 20 நாளாக்கினாலும் மற்ற போட்டியாளர்களுக்கு அது தெரிந்திருக்கும், கிடைத்திருக்காது.

வலுவான வாதம் என்று நினைத்தேன். இதை வைத்தே நீக்கியிருக்கலாம். ஆனால் தீர்ப்பை எழுத உட்காரும் முன், முதல் பத்து இடங்களில் இருந்த மற்ற படைப்புகளையும் திறந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அவற்றில் நான்கில் இதே மாதிரி உரிமம் இல்லாத சொந்த நிரல் இருந்தது. அளவு குறைவு, அவ்வளவே. புகார் வந்தவரை மட்டும் வெளியேற்றினால் அது விதியாக இருக்காது, நன்றாகச் செய்ததற்கான தண்டனையாக இருக்கும்.

யாரும் கேட்காத கேள்வி

உரிமத்தைத் தேடப்போன குழு உறுப்பினர் ஒருவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். கோடோ 4 ஒவ்வொரு காட்சிக் கோப்பின் தலைவரியிலும் ஒரு தனி அடையாளக் குறியை எழுதுகிறது. எஞ்சினுக்குள் பிரதி எடுத்தால் புதுக் குறி வரும். கோப்பு மேலாளரில் நகலெடுத்து வேறு திட்டத்தில் ஒட்டினால் பழைய குறியே ஒட்டிக்கொண்டு வரும். உரையாடல் பெட்டிக் காட்சியின் குறியை அவர் சும்மா தேடிப் பார்த்திருக்கிறார். வேறொருவரின் களஞ்சியத்தில் அதே குறி கிடைத்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய, வேறு போட்டிக்கான விளையாட்டு. அங்கே உரிமம் இருந்தது: ஜி.பி.எல். என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு. ஸ்கிரிப்டின் தலைப்பில் எழுதியவரின் பதிப்புரிமை வரியும் இருந்தது. நம் படைப்பாளியின் நகலில் அந்தத் தலைப்பைக் காணவில்லை.

ஜி.பி.எல். உள்ள நிரலை எடுத்துச் சேர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அறிவிப்புகளை அழிக்கக் கூடாது. சேர்த்து வெளியிடும் முழு நிரலும் அதே உரிமத்தில் போக வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. இரண்டாவது முறை எழுதிக் கேட்டபோது, படைப்பாளிக்கு உண்மையிலேயே நினைவில்லை. எப்போதோ கற்றுக்கொள்வதற்காக எடுத்து வைத்தது, நாளடைவில் தன்னுடையது என்றே ஆகிவிட்டது என்றார். நான் நம்பினேன். சொந்த அடிப்படை நிரல் என்று நாம் சொல்லும் பெட்டியில் பாதி இப்படித்தான் சேர்கிறது. பழைய புத்தக அலமாரியில் இரவல் வாங்கிய புத்தகம் எது என்று யாருக்குத் தெரியும்?

புகார் கொடுத்தவர் தேடிய இடத்தில் குற்றம் இல்லை. அவர் பார்க்காத இடத்தில் இருந்தது. அதைவிடச் சங்கடம் அடுத்து வந்தது. எங்கள் பதிவுப் படிவத்தின் அடியில் ஒரு வரி: 'இந்தப் படைப்பு முழுவதையும் பெயர் குறிப்பிடுதல், வணிகப் பயன்பாடின்மை, அதேமுறைப் பகிர்வு என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட ஒப்புக்கொள்கிறேன்.' 2009 முதல் நடக்கும் குளோபல் கேம் ஜாம் நிகழ்வு இந்த வகை உரிமத்தைத்தான் கையாண்டது. அதைப் பார்த்து எங்களில் யாரோ, அநேகமாக நான்தான், படிவத்தில் ஒட்டியிருக்கிறோம். வணிகத் தடை என்ற கூடுதல் கட்டுப்பாட்டை ஜி.பி.எல். ஏற்காது. ஆகவே ஜி.பி.எல். நிரலகத்தை ஒழுங்காக அறிவித்துப் பயன்படுத்திய போட்டியாளர்கூட, எங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்ட கணமே ஒரு உரிமத்தை மீறியிருப்பார். படத்துக்கும் இசைக்கும் அந்த உரிமங்கள் பொருந்தும். மென்பொருளுக்கு வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே சொல்கிறது. அதைப் படிக்காமல் வரியை மட்டும் எடுத்திருக்கிறோம். அறிவிப்பை நீக்கிவிட்டு நகலெடுத்தவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் குழு!

முடிவு

ஒரு வாரம் இழுத்தது. இறுதியில் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிவானது.

முன்பே எழுதிய நிரல் என்ற புகாரை ஏற்கவில்லை. விதி தெளிவில்லை, தெளிவில்லாத விதியின் பாரம் அந்த விதியை எழுதியவர்கள் மேல் விழ வேண்டும். உரிம மீறலை ஏற்றோம். அதற்குப் படைப்பாளிக்கு 72 மணி நேரம் கொடுத்தோம்: அறிவிப்பைத் திரும்பச் சேர்த்து முழு நிரலையும் ஜி.பி.எல். மூன்றில் வெளியிடலாம், அல்லது உரையாடல் பெட்டியை எடுத்துவிடலாம். அதுவரை பதிவிறக்க இணைப்பு மூடியிருக்கும்.

மூன்றாமவர் கடைசிவரை இதை ஒப்பவில்லை. திருட்டுக்கு அவகாசமா என்று கேட்டார். என் பதில், அந்த உரிமமே அவகாசம் தருகிறது என்பது. பழைய இரண்டாம் பதிப்பில் மீறியவுடன் உரிமை போய்விடும். 2007இல் வந்த மூன்றாம் பதிப்பின் 8ஆம் பிரிவோ, முதல்முறையாக அறிவிப்புப் பெற்றவர் 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை நிரந்தரமாகத் திரும்பக் கிடைக்கும் என்கிறது. நிரலின் சொந்தக்காரர் தேர்ந்தெடுத்த உரிமம் காட்டும் பொறுமையைவிடக் குறைவான பொறுமையை நாம் காட்ட என்ன அதிகாரம்? சொந்தக்காரருக்கும் எழுதினோம். 'பெயர் திரும்ப வந்தால் போதும், விளையாட்டு நன்றாக இருக்கிறது' என்று ஒரே வரி பதில்.

படைப்பாளி மறுநாளே முழு நிரலையும் ஜி.பி.எல். மூன்றுக்கு மாற்றினார். இடம் அப்படியே நின்றது. புகார் கொடுத்தவருக்கு இது பிடிக்கவில்லை, அதை எங்களுக்கு நேரடியாகவே எழுதினார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கும் பிடித்திருக்காது. 20 நிமிட விஷயத்தில் அவர் உணர்ந்தது சரி. அந்த உணர்வுக்குப் பக்கபலமாக நிற்க எங்களிடம் ஒரு விதி இல்லை.

புதிய வரிகள்

இரண்டாவது விதி இப்போது நீளமாக இருக்கிறது. அடிப்படை நிரல் யாருடையதாக இருந்தாலும், போட்டிக்கு 7 நாள் முன்பே பொதுவில் இருக்க வேண்டும்; திறந்த உரிமம் ஒன்று அதில் எழுதியிருக்க வேண்டும்; போட்டியின் பொதுப் பட்டியலில் இணைப்பைச் சேர்த்திருக்க வேண்டும். படைப்பை அனுப்பும்போது எதை எங்கிருந்து எடுத்தோம் என்று நான்கு வரியாவது எழுத வேண்டும். எஞ்சின் தானே நிரப்பும் வார்ப்புருக்களுக்கு இதெல்லாம் தேவையில்லை.

மூன்றாவது விதியிலும் கை வைக்க வேண்டியிருந்தது. 'மூலநிரல் முழுவதும்' என்று கேட்டால், கடையில் வாங்கிய செருகுநிரலைப் பயன்படுத்தியவர் என்ன செய்வார்? யூனிட்டி எஞ்சினுக்கான அசெட் ஸ்டோர் என்ற இணையக் கடையில் வாங்கியதை விளையாட்டுக்குள் வைத்து வெளியிடலாம். அதன் மூலத்தைத் தனியாக எடுத்து யாரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுக் களஞ்சியத்தில் போட முடியாது. எழுத்துருக்களிலும் இதே தொல்லை பலவற்றுக்கு உண்டு. இப்போது, தான் எழுதிய நிரலை மட்டும் பகிர்ந்தால் போதும். வாங்கியவற்றின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதிவிட வேண்டும். மதிப்பெண் பட்டியல் சேவைகளின் ரகசியச் சாவியைக் களஞ்சியத்தில் விடாதீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்தோம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது, இந்த ஆய்வுக்குச் சம்பந்தமில்லை.

படிவத்தில் இருந்த உரிம வரி போய்விட்டது. நிரலுக்கு எம்.ஐ.டி., அப்பாச்சி 2.0, ஜி.பி.எல். ஆகிய திறந்த உரிமங்களில் ஒன்று, படம், இசைக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் வகையில் ஒன்று, தேர்வு படைப்பாளியுடையது.

நிரலைத் தானே எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி எதுவும் முடிவாகவில்லை. அறிவித்தால் போதும் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். அந்த நிரல் யாருடைய களஞ்சியத்திலிருந்து வந்தது என்று காட்ட அதில் அடையாளக் குறி எதுவும் இல்லை.

அடுத்த போட்டிக்குப் பொதுப் பட்டியல் ஒரு வாரம் முன்பே நிரம்பியது. குகை விளையாட்டைச் செய்தவரின் அடிப்படை நிரலும் அதில் இருந்தது, இம்முறை உரிமத்தோடும் இரவல் வாங்கியவற்றின் விவரத்தோடும். முதல் புகார் தொடக்க நாளன்றே வந்துவிட்டது. ஒருவருடைய களஞ்சியம் அவர் ஊர் நேரப்படி 7 நாள் முன்பு பொதுவாகியிருக்கிறது, போட்டிக் கடிகாரத்தின்படி ஆறு நாளும் 21 மணி நேரமும் ஆகிறது, எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருந்தார்கள். நேர மண்டலத்தை நாங்கள் எழுதவில்லை. அவரை அனுமதித்துவிட்டு, விதியில் யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்று சேர்த்தோம்.